அழுக்குக்கும் ஒரு காரணம் வேணும்!

எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு பைத்தியம். அக்கவுன்ட்ஸ் நண்பருக்கு ஷேர் மார்க்கெட். பக்கத்து மேஜை பிரம்மச்சாரிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண் பார்ப்பது. (இதுவரை பதினேழு. 'பதினாலாவது வீட்டு பஜ்ஜிதான் ஸார் டாப்!') எனக்கு லாரி கட்டுவது.

நிஜ லாரி கட்ட வசதியில்லை. அதனால் பிளாஸ்டிக்கில் கட்டுகிறேன். சேந்தமங்கலத்தில் பிறந்தவன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்! கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நாமக்கல். முட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் அடுத்தபடி நாமக்கல் என்றால் லாரி பாடிதான். அந்த நாளில் கம்பெனியிலிருந்து லாரி வெறும் எலும்புக்கூடாக வந்து சேரும். சேஸிஸ், எஞ்சின், ஸ்டீயரிங், உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். கூரையில்லாத அந்த வண்டியைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெயிலில் ஓட்டி வருவார். பட்டறையில் ஆசாரி, வெல்டர், பெயின்டர் மூவருமாகச் சேர்ந்து அதற்கு உடம்பு கொடுத்து, பூப்போட்டு, கண்ணெழுதி, மணப்பெண் மாதிரி அனுப்பி வைப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பட்டறை வாசலில் வாய் பிளந்து நின்ற பையன்களில் நானும் ஒருவன். இப்போது சென்னையில் ஃபைல் தள்ளுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல், டைனிங் டேபிளில், என் பட்டறை திறக்கும்.

என் லாரியின் அளவு 1:24. நிஜத்தில் ஒரு அடி என்றால் என்னிடம் அரை அங்குலம். இருபத்துநாலு அடி லாரி பன்னிரண்டு அங்குலத்தில் அடங்கிவிடும். பார்க்கிங் பிரச்னையே கிடையாது. ஃபிரிட்ஜ் மேலே நிறுத்தலாம்.

'எதில் ஸார் கட்டுகிறீர்கள்?' என்று பிரம்மச்சாரி கேட்டார்.

ஸ்டைரீன். முழுப் பெயர் பாலிஸ்டைரீன். பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் பழைய ஆள். கல்யாண மேடையில் 'நல்வரவு' என்று வெட்டி ஒட்டுவார்களே தெர்மாகோல், அது காற்று ஊதிய பாலிஸ்டைரீன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காற்றுதான். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டார்களே, அதே புகழ் பெற்ற சரக்கு! காற்று ஊதாமல் தகடாக்கினால் அது என் சரக்கு.

வெளிநாட்டில் இதற்கென்றே எவர்கிரீன், பிளாஸ்ட்ரக்ட் என்று கம்பெனிகள் இருக்கின்றன. தகடு, குச்சி, குழாய் எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். அதை வரவழைத்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே நான் நம்புவது காயலான் கடையை. பழைய ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கத்து வெள்ளைத் தகடு பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஆடியோ கேஸட் பெட்டியின் கண்ணாடி மூடியும் பாலிஸ்டைரீன். முக்கோணத்துக்குள் 6 என்று நம்பர் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கலாம். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை. நியாயம்தான். தூக்கிப் போடுகிறவர்களுக்குத்தானே தடை? நான் பொறுக்குகிறவன்.

இதை வெட்டுவதே தனி சுகம். முழுக்க அறுக்க வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியால் இரண்டு கோடு இழுத்து மடக்கினால் பிஸ்கெட் மாதிரி 'டக்'கென்று உடையும். ஒட்டுவது இன்னும் விசேஷம். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, பெயின்ட் கடைத் தின்னரை பிரஷ்ஷில் ஒரு சொட்டு தொட்டுக் காட்டினால் போதும். தின்னர் இடுக்கில் தானாக ஓடும், இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகிவிடும். காதல் கல்யாணம் மாதிரி. பிரிக்கப் பார்த்தால் பக்கத்தில் இருப்பதுதான் உடையும்!

ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். முதல் தடவை ஆர்வக்கோளாறில் நாலு சொட்டு விட்டேன். காலையில் பார்த்தால் கேபின், வெயிலில் வைத்த குச்சி ஐஸ் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இன்னொன்று, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி கூடாது.

கடையில் பாகம் பாகமாக அச்சடித்து வருவதை ஒட்டினால் அது 'கிட்'. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை இரண்டு ஷில்லிங்குக்கு விற்றதிலிருந்து உலகம் முழுக்கப் பையன்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிட் இல்லாமல், வெறும் தகட்டிலிருந்து எல்லாவற்றையும் நாமே செய்தால் அதற்குப் பெயர் 'ஸ்க்ராட்ச் பில்டிங்'. மனைவியிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

"ஸ்க்ராட்ச்சா? டைனிங் டேபிள் மேல நிறைய இருக்குங்களே!"

லாரியைவிட லாரியின் துணைச் சாமான்கள்தான் உயிரை வாங்கும். தண்ணீர் கேன், ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, கண்ணாடி, எலுமிச்சை மிளகாய்! டயர் மட்டும் பொம்மை லாரியிடமிருந்து கடன். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் சுருக்கம் தானாக விழும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தி மேல் காட்டி இழுத்தால் தலைமுடி கனத்துக்குக் கம்பி கிடைக்கும். (தின்னர் பாட்டிலை அடுத்த ரூமில் வைத்துவிட்டு!) ஊசியால் பின்பக்கம் குத்தினால் முன்பக்கம் ரிவெட். ஹேக்ஸா பிளேடால் வழவழவென்ற தகட்டைச் சுரண்டினால் மரப் பலகை. நாமக்கல் ஆசாரி நிஜ மரத்தை வழவழப்பாக்க இழைத்தார். நான் வழவழப்பை மரமாக்கச் சுரண்டுகிறேன்.

எட்டு மாதம் ஆயிற்று.

அது எந்த லாரி என்று சொல்லவில்லையே... அப்பாவின் லாரி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. எங்கள் பக்கத்தில் இப்படி ஒற்றை லாரி முதலாளிகள் ஏராளம். கொல்லிமலை சோளக்காட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஜவ்வரிசி ஆலையில் கொட்டுவார். 1996-ல் அதை விற்றார். நான் காலேஜில் சேர்ந்ததும் அதே 1996. என் ஃபீஸுக்காகத்தான் விற்றார் என்பது எனக்குத் தெரிந்த குடும்ப வரலாறு. யாரும் சொன்னதில்லை. நானே கூட்டிக் கழித்துப் போட்டது. அந்தக் கடனை வட்டியோடு திருப்ப முடியாது. அதனால் 1:24 அளவில் திருப்பலாமென்று நினைத்தேன். லாரியில் அவர் கேட்ட பாட்டு கேஸட்டின் பெட்டி மூடியைத்தான் வெட்டி முன் கண்ணாடியாக வைத்தேன். அதை நினைத்து எனக்கே தொண்டை கொஞ்சம் அடைத்தது.

பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தி, ராத்திரி பஸ்ஸில் சேந்தமங்கலம் போனேன். பக்கத்து ஸீட்காரர் விடியும் வரை "கல்யாணமுங்களா?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டுப் பலகையை எண்ணினார். ஸ்ப்ரிங் பட்டையை எண்ணினார். நான் ஆனந்தக் கண்ணீருக்காகக் காத்திருந்தேன்.

"ஏன் கண்ணு, வண்டி கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்குது?"

"நல்லா இல்லீங்களாப்பா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது என்ற வண்டி இல்ல. இது எங்கியும் போயிட்டு வரல."

எட்டு மாத உழைப்பு, ஒரே வரியில் க்ளோஸ்!

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. மாடல் கட்டுகிறவர்கள் இதற்கு 'வெதரிங்' என்று தனிக் கலையே வைத்திருக்கிறார்கள். புதிதாகச் செய்ததை வெயில், மழை, தூசி பட்டதாக மாற்றுவது. பெல்ஜியத்துக்காரர் பிரான்ஸ்வா வெர்லிண்டன் இதில் பெரிய வாத்தியார். போர் டாங்கி மாடல்களுக்குச் சேறும் துருவும் பூசியே உலகப் புகழ் பெற்றார். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களில் நிறைய, டாங்கி, விமானக் கிட்டுகளின் பாகங்களைப் பொறுக்கி ஒட்டிச் செய்தவைதான். ஒட்டிவிட்டு, கரியும் அழுக்கும் பூசினார்கள். பளபளவென்று விட்டிருந்தால் பொம்மை. அழுக்கானதால் அது எங்கேயோ பறந்துவிட்டு வந்த கப்பல். அவ்வளவு தூரம் எதற்கு? 1987-ல் 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையிலேயே தாராவியை எழுப்பினார். பார்த்தவர்கள் பம்பாய் என்றே நம்பினார்கள். தேசிய விருது கிடைத்தது. புதுத் தகரத்தைப் பழைய தகரமாக்கத் தெரிந்தவர்!

சரி, நானும் ஆக்குகிறேன் என்று அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். பிரவுன் கலரைக் கரைத்து வண்டி முழுக்க ஒரே சீராக அடித்தேன்.

அப்பா வந்து பார்த்தார். "இப்ப சேத்துல உருண்ட எருமையாட்டம் இருக்குது. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரியா அழுக்காகும்? எந்த அழுக்குக்கும் ஒரு காரணம் வேணுமல்லோ?"

துடைத்துவிட்டு, புதுசாக ஆரம்பித்தோம். ஆம், தோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"டிரைவர் கதவு விளிம்புல பெயின்ட் தேயோணும். முழங்கை வெக்கிற எடம்."

தேய்த்தேன். இதற்குப் பெயர் டிரை பிரஷ். பிரஷ்ஷில் பெயின்டைத் தொட்டு, கிட்டத்தட்ட முழுக்கத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் மீதியை விளிம்பில் உரசுவது. மேடான இடத்தில் மட்டும் பிடிக்கும்.

"எடது கதவுக்கு வெளிய நடுவுல ஒரு எடம் பளபளன்னு இருக்கும். கிளீனர் 'ரைட் ரைட்'னு தட்டித் தட்டி."

அதுவும் ஆயிற்று. டீசல் டாங்க் மூடிக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஒழுக்கு. சிந்தின டீசலில் தூசி ஒட்டிக்கொள்ளுமாம். முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த விசிறி மட்டும் சுத்தம், மற்றதெல்லாம் தூசி. அதற்குக் கீழே காய்ந்த சந்தனம். பலகை இடுக்குகளில் கறுப்பு மசியைத் தண்ணீர்போலக் கரைத்து ஓடவிட்டேன். இதற்கு 'வாஷ்' என்று பெயர். வாஷ் பண்ணினால் அழுக்காவது இந்தத் தொழிலில் மட்டும்தான். பின் கதவுக் கீலில் துரு. அதற்கு உப்பு வைத்தியம். முதலில் துருக் கலர் அடித்து, காய்ந்தபின் ஈரம் தொட்டு, தூள் உப்பைத் தூவி, அதன்மேல் வண்டிக் கலரை அடிக்க வேண்டும். அதுவும் காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் பெயின்ட் உரிந்த மாதிரியே இருக்கும்.

"ஏனுங்க, இப்பத்தான் உப்பு டப்பாவைக் காணோம்னு தேடுறேன்" என்று அம்மா வந்து, அப்பனும் மகனும் லாரிக்கு உப்புப் போடுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

"மண்ணு வேணும்" என்று அப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து, காரவள்ளி அடிவாரத்துச் செம்மண் பொட்டலத்தோடு வந்தார். அப்படியே தூவினால் சரிப்படாது. 1 மில்லிமீட்டர் மணல் துணுக்கு, என் லாரிக்குப் பக்கத்தில் 24 மில்லிமீட்டர். அதாவது ஒரு அங்குல ஜல்லி! அம்மியில் வைத்து அரைத்து, பழைய வேட்டியில் சலித்தோம். பவுடராக வந்தது. கிழங்கு ஏற்றுகிற தளத்தில் நிறைய, சக்கரத்துக்குப் பின்னால் சிதறலாக, கூரைமேல் லேசாக.

"2025 அக்டோபர்லேர்ந்து புதுசாத் தயாராகிற லாரிக்கெல்லாம் கேபின்ல ஏ.சி. கட்டாயமாமே, தெரியுங்களாப்பா?"

"எங்களுக்கும் ஏ.சி. இருந்துதே. கண்ணாடியை எறக்குனா ஏ.சி., ஏத்துனா ஹீட்டரு."

இப்படி சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா லாரியின் இடது பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு கீறல் வேணும். முன் சக்கரத்துக்கு மேல ஆரம்பிச்சு, கதவு வழியா, பாடி முடியற வரைக்கும்."

"அவ்ளோ நீளமாங்கப்பா? எதுல ஒரசிச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மலையில ஒரு கணக்கு உண்டு. எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் எறங்கோணும். எஞ்சின் வண்டியைப் புடிச்சுக்கும். அன்னிக்கு ஆலையில எடை போடற ஆளு ஆறு மணிக்குப் போயிருவான்னு அவசரம். நான் மூணுல வந்தேன். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ட்ரம்மு சூடாயிப் போச்சு. முப்பத்தெட்டாவது வளைவுல மிதிச்சா, பெடல் இருக்குது, பிரேக் இல்ல."

"அப்பறம்?"

"மலைக்குக் குடுக்கலாம், பள்ளத்துக்குக் குடுக்கக் கூடாதும்பாங்க. மலைப் பக்கம் ஒடிச்சேன். பாறையில ஒரசி ஒரசித்தான் வண்டி நின்னுது. பலகை பூராப் பேந்து போச்சு." கீறல் வரவேண்டிய இடத்தை விரலால் தடவினார். "அந்தப் பக்கம் கிளீனர் பையன் உக்காந்திருந்தான். பதினெட்டு வயசு."

எனக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயசு.

"அவனுக்கு ஒண்ணும் ஆவலை. மறுநாள் காத்தால வந்து 'போலாங்ண்ணா'ன்னு நிக்கிறான். எனக்குத்தான் ஏற முடியல. ஸ்டீயரிங்கப் புடிச்சா கை நடுங்குது. ஒரு மாசம் பாத்தேன். வித்துட்டேன்."

"என் காலேஜ் ஃபீஸுக்காக வித்தீங்கன்னு..."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உன் ஃபீஸுக்கா? உன் ஃபீஸு ரெண்டு டயருக்கு ஆவாது கண்ணு!"

முப்பது வருஷம் சுமந்த கடன் ஒரு செகண்டில் தள்ளுபடி. சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. அந்த முப்பது வருஷமும் அவர் வேறொன்றைத் தனியாகச் சுமந்திருக்கிறார். அதன் எடை எனக்குத் தெரியாது.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. அவளுக்கும் ஃபீஸுக்குத்தான்னு நெனப்பு. அப்படியே இருக்கட்டும்."

ஆணியை எடுத்தேன். எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த பக்கத்தில் எனக்குக் கை வரவில்லை. அவரிடமே கொடுத்தேன். கொஞ்சமும் தயங்காமல், முன் சக்கரத்துக்கு மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தார். எங்கே ஆழம், எங்கே லேசு, எங்கே பலகை பெயர்ந்து விட்டுவிட்டுப் போனது, எல்லாம் அவர் கைக்கு ஞாபகமிருந்தது. நான் அதில் துருவும் மண்ணும் வைத்தேன்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்காருங்கப்பா?"

"நாமக்கல்லுலதான். ரெண்டு லாரி வெச்சிருக்கான். பொங்கலுக்குப் பொங்கல் வருவானே, கரும்போட. உனக்குத் தெரியுமே!"

தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஏன் கரும்போடு வருகிறார் என்பதுதான் தெரியாது.

லாரி இப்போது சென்னையில், எங்கள் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. போன வாரம் பிரம்மச்சாரி வீட்டுக்கு வந்தார். (பதினெட்டாவது அமைந்துவிட்டது. பத்திரிகை வைக்க.) குனிந்து, நிமிர்ந்து, சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் ஸார்! ஆனா இந்தப் பக்கம் இவ்ளோ பெரிய கீறல் விழுந்திருக்கே, பஸ்ல வரும்போது பட்டுதா? கொஞ்சம் பெயின்ட் வெச்சா மறைஞ்சுடும்."

"வேண்டாம் ஸார். அந்த எடம் மட்டும் எங்கப்பா செஞ்சது" என்றேன். விளக்கவில்லை. அம்மாவும் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேனே. நான் ஊருக்குக் கிளம்பும்போது அப்பா அந்த வண்டியை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி. கட்டை எங்க?"

"என்ன கட்டைங்கப்பா?"

"சக்கரத்துக்கு அண்டக் குடுக்குற கட்டை. நிறுத்தி வெச்ச வண்டிக்கு அது இல்லாம எப்படி?"

"ஃபிரிட்ஜ் மேலதாங்கப்பா நிக்கப் போவுது. அங்க சரிவே இல்லீங்களே."

அவர் பதில் சொல்லவில்லை. தென்னை ஈர்க்குக்கட்டிலிருந்து ஒரு தடிமனான அடித்துண்டை ஒடித்து, பிளேடால் சீவி, ஒரு பக்கம் சரிவாக, கால் அங்குலத்தில் ஒரு கட்டை செய்தார். இடது பின் சக்கரத்துக்குக் கீழே வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இப்ப எடுத்துட்டுப் போ."